எம்.பி. மீதான பாலியல் முறைப்பாடு: கட்சி விசாரணையை நம்பிக் காத்திருக்கலாமா?

கேள்வி: கொழும்பில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் தனிப்பட்ட பணிக்குழுவில் வேலை செய்கிறேன். அவர் இரவில் வட்ஸ்அப்பில் ஆபாசமாக எழுதுவதும், அலுவலகத்தில் தனியே இருக்கும்போது கையைப் பிடிப்பதும் தொடர்கின்றன. அரச நிறுவனமொன்றில் நிரந்தர நியமனம் வேண்டுமானால் 'அனுசரித்துப் போக வேண்டும்' என்கிறார். கட்சியின் மூத்தவர் ஒருவரிடம் சொன்னேன். தேர்தல் முடியும்வரை பொறுக்கும்படியும், ஒழுக்காற்றுக் குழு பார்த்துக்கொள்ளும் என்றும் கூறினார். விடயம் எப்படியோ காதுக்கு எட்டி, எதிரணி உறுப்பினர் ஒருவர் சபையில் பேசுவதற்கு ஸ்கிரீன்ஷொட்களைக் கேட்கிறார். நான் யாரை நம்புவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இருவரில் எவரிடமும் உங்கள் முறைப்பாட்டை ஒப்படைக்க வேண்டாம். ஒருவருக்கு அது மறைக்க வேண்டிய சங்கதி, மற்றவருக்கு அது மேடைப் பேச்சுக்கான சரக்கு. உங்களுக்கு நேர்ந்ததை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இருவருக்கும் இல்லை.

தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பின், சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதிகாரத்தில் உள்ள ஒருவர், வேலைத்தலத்திலோ வேறெந்த இடத்திலோ, மற்றவர் விரும்பாத பாலியல் அணுகுமுறையில் ஈடுபடுவது இக்குற்றமாகும் என்று அப்பிரிவின் விளக்கமே கூறுகிறது. ஐந்து ஆண்டுகள்வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நட்டஈடு செலுத்தும்படியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். உறுப்பினர்களின் சிறப்புரிமை சபையில் பேசும் பேச்சைக் காக்கிறதே தவிர, அலுவலக அறைக்குள் உங்கள் கையைப் பிடித்த கையைக் காக்காது.

நியமனத்தைக் காட்டிப் பேரம் பேசியது இன்னொரு குற்றத்தின் எல்லைக்குள் வருகிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தையும் தண்டனைக்குரியதாக்கியிருப்பதால், கொழும்பு 7, மலலசேகர மாவத்தையிலுள்ள இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் நேரிலோ 1954 என்ற இலக்கத்திலோ தனியாக முறையிடலாம்.

எதிரணி உறுப்பினரின் உதவியை நான் ஏன் மறுக்கச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். 345ஆம் பிரிவின் கீழான குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதை 365இ பிரிவு குற்றமாக்குகிறது. ஆனால், சபையில் அவர் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டால், அந்தப் பேச்சுக்காக அவர்மீது வழக்குத் தொடர முடியாது. அதைவிட முக்கியமானது, நாளை குறுக்கு விசாரணையில் எதிரித் தரப்புச் சட்டத்தரணி எழுப்பும் முதல் கேள்வியே 'இதை எழுதித் தந்த கட்சி எது?' என்பதாகத்தான் இருக்கும். ஸ்கிரீன்ஷொட் எதிரணியின் கைவழியாக நீதிமன்றத்துக்கு வந்தால் அந்தக் கேள்விக்குப் பதிலைத் தேடித் தடுமாறுவீர்கள். செய்திகளை அழிக்காமல், கைத்தொலைபேசியை மாற்றாமல், அந்தத் தொலைபேசியையே சான்றாகப் பாதுகாத்து வையுங்கள்.

தேர்தல்வரை பொறுங்கள் என்ற புத்திமதிக்குச் சட்டத்தில் இடமே இல்லை. குற்றவியல் வழக்குக்கு 20 ஆண்டுகள் காலவரையறை இருப்பதால் உங்கள் உரிமை உடனே போய்விடாதுதான். ஆயினும் தாமதத்துக்குக் காரணம் கேட்கப்படும், சாட்சிகள் விலகுவார்கள், செய்திகள் தொலையும். கட்சி உண்மையிலேயே விரும்பினால் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 99(13)(அ) உறுப்புரையின்படி, கட்சியிலிருந்து நீக்கப்படும் உறுப்பினர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடி வெற்றி பெறாவிட்டால் ஆசனத்தை இழப்பார். 2023இல் நசீர் அஹமட்டும், 2024 ஓகஸ்டில் ஹரின் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் இவ்வழியிலேயே ஆசனம் இழந்தனர்; மூவரும் கட்சியின் முடிவை மீறி அரசாங்கத்தின் பக்கம் சென்றவர்கள். கட்சி மாறியவர்மீது இத்தனை வேகமாகப் பாயும் வாள், பெண்ணிடம் அத்துமீறியவர்மீது உறைக்குள்ளேயே கிடப்பது எந்தக் கட்சிக்கும் அழகல்ல. அமெரிக்காவில் 1995இல், இரு கட்சியினரும் சரிசமமாக இருந்த செனட் நெறிமுறைக் குழு, பாலியல் அத்துமீறல் முறைப்பாடுகளுக்கு உள்ளான செனட்டர் பொப் பக்வுட்டை வெளியேற்றும்படி ஏகமனதாகப் பரிந்துரைத்தது. அப்போது பெரும்பான்மை அவருடைய கட்சியிடமே இருந்தது. அவர் மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்தார்.

இனி நடைமுறை. பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தில் முறையிடுங்கள். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையொப்பம் கேட்பது கொழும்பில் வழமையாக நடப்பது. தமிழும் அரசகரும மொழி என்பதை அமைதியாக நினைவூட்டி, தமிழில் எழுதச் செய்யுங்கள். வாசித்துப் பார்க்க முடியாத தாளில் கையொப்பமிடாதீர்கள். முறைப்பாட்டின் இலக்கத்தையும் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். திகதி, நேரம், இடம், அருகில் இருந்தோர் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது பதற்றத்தைக் குறைக்கும். அச்சுறுத்தல் வந்தால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கோரலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கமும் உண்டு.

முறைப்பாடு பதிவான பிறகு, அதன் இலக்கத்தைக் குறிப்பிட்டுக் கட்சிச் செயலாளருக்கும் சபாநாயகருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.