கிர் காட்டில் எடுத்த படம்: சிங்கமா, சிறுத்தையா?

குஜராத்தின் கிர் காட்டில் அந்தி நேரத்தில் எடுத்த படத்தில் பின்பக்கமும் வாலும் மட்டும்தான் விழுந்திருக்கிறது, பின்னங்காலில் புள்ளி இருப்பதால் சிறுத்தை என்று நண்பர் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். இல்லைங்க, சிங்கம்தான். புள்ளியை விடுங்கள், வாலைப் பாருங்கள். நுனியில் கறுப்பாக ஒரு குஞ்சம் தெரிகிறதே, பூனைக் குடும்பத்திலேயே சிங்கத்துக்கு மட்டும்தான் அது உண்டு, புலிக்கோ சிறுத்தைக்கோ கிடையாது. பிறந்த குட்டிக்கும் இருக்காது, சில மாதம் கழித்துத்தான் முளைக்கும்.

அப்புறம் அந்தப் புள்ளி. சிங்கக்குட்டிகள் புள்ளியோடுதான் பிறக்கும், வளர வளர மங்கிவிடும், ஆனால் சிலவற்றுக்கு, அதிலும் பெண் சிங்கங்களுக்கு, காலிலும் வயிற்றிலும் லேசாகத் தங்கிவிடும். சிறுத்தை என்றால் உடம்பெல்லாம் பூப்பூவாக அடர்ந்த கறுப்பு வளையங்கள் இருக்கும், வாலிலும் திட்டுத்திட்டாக ஓடும்.

படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி அடிவயிற்றையும் பாருங்கள், நீளவாக்கில் தோல் மடிந்து தொங்கினால் அது ஆசியச் சிங்கத்தின் அடையாளம், ஆப்பிரிக்கச் சிங்கங்களில் அபூர்வம். 2025 கணக்கெடுப்பில் குஜராத்தில் மொத்தமே 891 சிங்கங்கள்தான், அதில் ஒன்று உங்கள் கேமராவில் இருக்கிறது, மங்கலாக இருக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள்.