மேம்பாலத்துக்குப் பயந்த கதை

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 64. வலது முட்டி ஐந்து வருடமாகத் தொல்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், நன்றாகத் தேய்ந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து செயற்கை முட்டி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அவசரமில்லை என்கிறார். மகன் உடனே செய்யச் சொல்கிறான். கத்தி பட்ட கால் பழைய கால் ஆகாது என்கிறார் அக்கா. இப்போதெல்லாம் சந்தைக்குப் பணிப்பெண்தான் போகிறாள். வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பேன். அடுத்த பூசத்துக்கு முன்னால் செய்துகொள்ளலாமா, பொறுக்கலாமா?

வாசகி, அங் மோ கியோ, சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

நான் டாக்டர் இல்லை. ஒரு முட்டியை மாற்றிக்கொண்டவன், அவ்வளவுதான். இடது முட்டியை 67 வயதில் மாற்றினார்கள். வலது, பிறக்கும்போது கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்ரேயில் வலதுதான் மோசம். ஆனால் அது என்னைப் படுத்துவதில்லை. தேய்மானமும் வலியும் எப்போதும் ஒத்துப்போகாது. படத்தை மட்டும் வைத்து நாள் குறிக்க முடியாது.

எனக்கு நாள் குறித்தது ஒரு மேம்பாலம். தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, போகும் பஸ் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். பாலம் ஏறி இறங்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்தப் பக்கமே பஸ் ஏறி, எதிர்த்திசையில் பஸ் நிலையமான இன்டர்சேஞ்ச் வரை போய், அங்கே தேக்கா பஸ் பிடிப்பேன். நாற்பது நிமிடம் கூடுதல். ஊர் பார்த்துக்கொண்டு போகிறேன் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது, ஊர் பார்க்கவில்லை, படிக்குப் பயந்திருக்கிறேன் என்று.

சீக்கிரம் செய்வதிலும் சிக்கல் உண்டு. செயற்கை முட்டிகளில் நூற்றுக்கு 82 போல 25 ஆண்டு தாங்குகின்றன என்று 2019இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஐம்பது வயதுக்காரருக்கு இன்னொரு முறை கத்தி வைக்க நேரலாம். உங்கள் வயதில் அந்தக் கவலை குறைவு. ரொம்பத் தள்ளினாலும் ஆபத்துதான். தொடைத் தசை வற்றிவிடும், கால் நேராக நீளாமல் போகும். விறைத்த முட்டியை மாற்றினால் புதியதும் சரியாக மடங்காமல் அடம்பிடிக்கும்.

அக்கா சொன்னதில் பாதி உண்மை. சப்பணமிட்டு உட்காருவதும் மண்டியிடுவதும் பெரும்பாலும் போய்விடும். ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி இருப்பதில்லை. அப்புறம் முதல் ஆறு வாரம்! பாதத்தில் துண்டைச் சுற்றி இரண்டு கையாலும் இழுத்து முட்டியை மடக்கச் சொல்வார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பெரியவர் என்னைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார், பத்து எண்ணி முடிக்கும்வரை நான் விடக்கூடாதாம்.

இப்போதே தொடைக்கான பயிற்சியைத் தொடங்குங்கள். எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் விழும் சுமை நான்கு கிலோ குறையும். அதிலேயே வலி அடங்கி, ஆபரேஷன் தள்ளிப் போகலாம். போகாவிட்டாலும் பலமான தொடை பிறகு கைகொடுக்கும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வரட்டும். முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் தேதியைச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு மூன்று மாதமாவது இடைவெளி கேட்பார்கள், கிருமித் தொற்றுப் பயம். பணத்துக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் இருக்கின்றன; பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம். குளியலறைக் கைப்பிடியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். வீட்டில் 65 வயதானவர் யாராவது இருந்தால் வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஈஸ் திட்டத்தில் சலுகை விலைக்குக் கிடைக்கும்.

பால்குட விஷயம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை 3 கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலில், கூட்டத்தில் நின்று நின்று போக வேண்டும். நான்காம் மாதம் நான் சமதரையில் நன்றாகவே நடந்தேன், ஆனாலும் முட்டி முழுதாகத் தேற ஒரு வருடம் ஆனது. முட்டி மாற்றிய சூட்டோடு குடம் தூக்க நினைப்பது பேராசை. இப்போது செய்வதானால் முருகனிடம் ஒரு வருடம் தவணை கேளுங்கள்.

இன்னொன்று. பணிப்பெண் சந்தைக்குப் போவதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எப்போதிலிருந்து போகிறாள்? டாக்டர் அவசரமில்லை என்று சொன்னபோது, இது அவருக்குத் தெரியுமா?