2016 மஸ்டாங் ஜிடிக்கு எந்த சூப்பர்சார்ஜர் கிட் போட்டா அதிக பவர் வரும்? கலிஃபோர்னியால இருக்கேன், பட்ஜெட் 8000 டாலர்

எனக்கு முன்னாடி வந்திருக்குற பதில்ல பாதி "435 எச்பி (குதிரை சக்தி) பத்தலையா", "அந்த காச இண்டெக்ஸ் ஃபண்ட்ல போடுங்க", "எலெக்ட்ரிக் கார் வாங்குங்க"ன்னுதான் இருக்கு. கேள்வி கேட்டவர் கேட்டது சூப்பர்சார்ஜர் கிட் (இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி தள்ளி பவர ஏத்துற செட்) பத்தி, குடும்ப பட்ஜெட் பத்தி இல்லையே. 2016 ஜிடி, மேனுவல், சாக்ரமென்டோ பக்கம் வீடு, டெய்லி ஆபீசுக்கு அதுலதான் போறேன்னு தெளிவா எழுதியிருக்கார். அவர் காசு, அவர் கார், உங்களுக்கு என்ன வந்துச்சு. என்கிட்டயும் அதே வருஷத்து அதே கார்தான் இருக்கு, ட்ரேசி ஊர்ல இருந்துகிட்டு தினமும் ஆல்டமான்ட் மலைக் கணவாய் ஏறி இறங்கி வேலைக்கு போறவன், கிட் போட்டு ஓட்டிட்டு இருக்கேன், அந்த உரிமையில எழுதுறேன். நான் மெக்கானிக் இல்ல, பொழப்புக்கு கோட் அடிக்கிறவன். இதுல தப்பு கண்டுபிடிக்க வர்ற இன்ஜினியர் அண்ணன்மாருங்க கமெண்ட்ல தாராளமா சொல்லுங்க, ஆனா உங்க கார்ல பூஸ்ட் (அமுக்கி தள்ளுற காத்தோட அழுத்தம்) இருக்கான்னு சொல்லிட்டு சொல்லுங்க.

"அதிக பவர்"ங்கிறத முதல்ல தள்ளி வைங்க ப்ரோ. பாக்ஸ் மேல போட்டிருக்குற எச்பி எல்லாம் ஆறாயிரம் ஏழாயிரம் ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்துற சுத்து) வர்ற நம்பர். ஆபீஸ் போறப்ப ரெண்டாயிரத்துல இருந்து நாலாயிரத்துக்குள்ளதான் நம்ம வண்டி ஓடுது. அந்த இடத்துல என்ன கிடைக்குதுன்னு பாருங்க.

சந்தையில மூணு டைப் இருக்கு. சென்ட்ரிஃபியூகல், அதாவது புரோசார்ஜர், வோர்டெக் எல்லாம் விக்கிறது. டர்போல காத்த அமுக்குற பக்கம் இருக்கே, அத எடுத்து எக்ஸாஸ்ட்டுக்கு பதிலா பெல்ட்ல சுத்த விட்ட மாதிரி. இதுல பூஸ்ட் ஏறக்குறைய ஆர்பிஎம்மோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். ஏழாயிரத்துல 8 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) தர்ற கிட் மூவாயிரத்து ஐநூறுல சுமார் 2 பிஎஸ்ஐதான் தரும். கீழ ஸ்டாக் கார் மாதிரியே சாதுவா இருக்கும், மேல போகப்போக பேய் பிடிக்கும். ரேஸ் ட்ராக்குக்கு, நேர் ரோட்டு டிராக் ரேஸுக்கு போறவனுக்கு அது சொர்க்கம், இன்ஜின் மேலயும் கீழ் ஆர்பிஎம்ல சுமை கம்மி, சூடும் கம்மி. குறை சொல்ல ஒண்ணுமில்ல.

அடுத்தது ரூட்ஸ் டைப், இப்ப வர்றது பெரும்பாலும் ஈட்டன் கம்பெனியோட டிவிஎஸ் ரோட்டர், அதாவது காத்த தள்ளுற சுழலி (நம்ம மதுரை டிவிஎஸ் இல்ல). ரவுஷ், எடல்ப்ராக், மேக்னசன் எல்லாரும் இந்த ஈட்டன் ரோட்டர வெச்சுதான் கிட் பண்றாங்க. மூணாவது ட்வின் ஸ்க்ரூ, ஃப்ரெஸ்னோல இருக்குற விப்பிள் பண்றது. இந்த ரெண்டு டைப்பும் இன்டேக் மேனிஃபோல்ட கழட்டி எறிஞ்சிட்டு வி எட்டு இன்ஜினோட நடு பள்ளத்துல போய் உக்காரும். ஒரு சுத்துக்கு இவ்வளவு காத்துன்னு கணக்கு பண்ணி தள்ளும். நம்ம 5.0 இன்ஜின் ஃபோர் ஸ்ட்ரோக், க்ராங்க் ஒரு சுத்து சுத்தினா 2.5 லிட்டர் காத்து குடிக்கும். ரவுஷ் கிட்ல இருக்குற ரோட்டர் 2.3 லிட்டர். ஒண்ணுக்கு ஒண்ணு சுத்தினா பூஸ்டே வராது, அதனாலதான் சின்ன புல்லி போட்டு க்ராங்க விட வேகமா சுத்த விடுறாங்க. இந்த கணக்கு எல்லா ஆர்பிஎம்லயும் ஒண்ணுதான்ங்கிறதால மிதிச்ச உடனே பூஸ்ட் வந்து நிக்கும். அதுக்கு விலையும் இருக்கு, சும்மா சுத்தாது. டாட்ஜ் ஹெல்கேட் கார்ல ஃபேக்டரில இருந்தே வர்ற 2.4 லிட்டர் ப்ளோவர (சூப்பர்சார்ஜருக்கு இன்னொரு பேர்) ஃபுல் ஸ்பீட்ல சுத்தவே 80 எச்பி பக்கம் போகுது. சூடும் அதிகம், அத பத்திதான் கீழ புலம்பப் போறேன்.

டெய்லி ஓட்டுற காருக்கு, ட்ராஃபிக்ல, மேட்டுல, ரேம்ப்ல ஏறுறப்ப மூணாவது கியர்லயே இழுக்கணும்னா ரெண்டாவது மூணாவது டைப்தான். நான் போட்டது ரவுஷ் ஃபேஸ் 1, 600 எச்பின்னு அவங்க சொல்றது. அதே கிட்டோட ஃபேஸ் 2 670. எழுபது எச்பிக்கு ஏன் ஆசப்படலன்னு எல்லாரும் கேப்பாங்க. 2015ல இருந்து 2017 வரைக்கும் வந்த நம்ம இன்ஜினோட கம்ப்ரஷன் (பிஸ்டன் காத்த அமுக்குற விகிதம்) 11க்கு 1. அதுக்கு மேல பூஸ்ட். கலிஃபோர்னியா பங்க்ல ப்ரீமியம்னா 91 ஆக்டேன்தான், மத்த ஸ்டேட்காரன் 93 போட்டு எடுத்த டைனோ ஷீட்ட (பவர் அளந்த ரிப்போர்ட்) பாத்து வாய பொளக்காதீங்க. நாக் (பெட்ரோல் தப்பா தானாவே வெடிக்கிறது) வந்தா கார் கம்ப்யூட்டர் ஸ்பார்க் டைமிங்க பின்னால இழுக்கும், நீங்க காசு குடுத்து வாங்குன எச்பி வெயில் காலத்துல அப்படியே ஆவியாயிடும்.

இப்ப முக்கியமான விஷயம், ஸ்மாக், அதாவது புகை டெஸ்ட். யாருமே பதில்ல இத சொல்லல, கலிஃபோர்னியால இருந்துகிட்டே சொல்லல, அதுதான் ஆச்சரியம். கார்ப், அதாவது ஸ்டேட்டோட ஏர் ரிசோர்சஸ் போர்டு, தான் ஒப்புக்கிட்ட ஒவ்வொரு கிட்டுக்கும் எக்சிகியூட்டிவ் ஆர்டர் நம்பர் குடுக்கும், சுருக்கமா ஈஓ நம்பர். அது இல்லாத சூப்பர்சார்ஜர ரோட்ல ஓட்டுறது சட்ட விரோதம். புது காருக்கு முதல் எட்டு மாடல் வருஷம் ஸ்மாக் செக் கிடையாது, அதனால நெறைய பேர் தெரியாமயே ஓட்டிட்டு இருந்தாங்க. 2016 காருக்கு அந்த சலுகை முடிஞ்சிருச்சு. 2021 ஜூலைல இருந்து காரோட சாஃப்ட்வேரையும் பாக்குறாங்க, ஒரிஜினலும் இல்லாம ஈஓ வாங்கின ட்யூனும் (மாத்தி எழுதின இன்ஜின் சாஃப்ட்வேர்) இல்லாம இருந்தா ஃபெயில். என்னோடதுக்கு செக் பண்ணவர் டார்ச் அடிச்சு பானெட்டுக்கு கீழ ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல நம்பர ஒவ்வொரு எழுத்தா படிச்சு கம்ப்யூட்டர்ல அடிச்சார், அடிச்சிட்டு "நைஸ் கார்"னார், அவ்வளவுதான். அந்த ஸ்டிக்கர் இல்லாதவன் கார விக்கக்கூட முடியாது, பழைய கார் கை மாறணும்னாலே ஸ்மாக் சர்டிஃபிகேட் வேணும்.

ஒரே கம்பெனி ஒரே காருக்கு அஞ்சாறு வகை கிட் விக்கும், கீழ் ஸ்டேஜுக்கு ஈஓ இருக்கும், மேல் ஸ்டேஜுக்கு இருக்காது. "ட்யூனர் கிட்"னு கொஞ்சம் விலை கம்மியா போட்டிருப்பான், அதுல இன்ஜெக்டரும் ட்யூனும் இருக்காது, நீங்களே ஏற்பாடு பண்ணிக்கணும். நமக்கு அது வேண்டாம். கம்பெனி பேர பாத்து வாங்காதீங்க, பார்ட் நம்பருக்கு ஈஓ இருக்கான்னு கார்ப் சைட்ல போய் பாத்துட்டு வாங்குங்க.

சரி, என் கதை. ரவுஷ் கிட்டை ஒரு கடையில குடுத்து மாட்டினேன், பேர் சொல்ல விரும்பல, சொன்னா லாயர் நோட்டீஸ் வரும். ஜூலை மாசம், ட்ரேசில நூறு டிகிரி ஃபாரன்ஹீட்ட தாண்டின வெயில். வேலை முடிஞ்சு 580 ஹைவேல ஆல்டமான்ட் மேடு ஏறுறேன், காத்தாலைங்க எல்லாம் ரெண்டு பக்கமும் சுத்துது, என் கார் மட்டும் மூச்சு வாங்குது. கிட் போடுறதுக்கு முன்னால இதவிட நல்லா ஏறுச்சு. ஓபிடி ரீடர (கார் கம்ப்யூட்டர படிக்கிற கருவி) மாட்டி பாத்தா ப்ளோவருக்கு அப்புறம் இன்ஜினுக்குள்ள போற காத்து 190 டிகிரி ஃபாரன்ஹீட்ல இருக்கு. கடைக்கு போன் போட்டா, "ரூட்ஸ் டைப் அப்படித்தான் சார், ஹீட் சோக், கலிஃபோர்னியா வெயில், நீங்க சென்ட்ரிஃபியூகல் எடுத்திருக்கணும்"னு ஒரே போடா போட்டான் (ஹீட் சோக்னா சூடு ஏறி பவர் குறையுறது). அவன்தான் இத எடுக்க சொன்னவன்! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

நைட்டு இன்ஜின் நல்லா ஆறினதுக்கு அப்புறம் (சூடா இருக்குறப்ப மூடிய தொறக்காதீங்க, மூஞ்சி வெந்துரும்) இன்டர்கூலர் (அமுக்கின காத்த குளுத்துறது) தண்ணி பாட்டிலோட மூடிய தொறந்துட்டு இக்னிஷன மட்டும் ஆன் பண்ணேன். இந்த கிட்ல இன்ஜின் ரேடியேட்டர் தண்ணி வேற, இன்டர்கூலர் தண்ணி வேற, அதுக்கு தனியா ஒரு எலெக்ட்ரிக் பம்ப், முன்னால தனியா ஒரு சின்ன ரேடியேட்டர். பம்ப் "ங்ங்ங்"னு ஓடுற சத்தம் கேக்குது. பாட்டில்ல செல்போன் லைட் அடிச்சு பாத்தா தண்ணி மாடத்து விளக்கெண்ணெய் மாதிரி அசையாம நிக்குது. பம்ப் ஓடினா தண்ணி சுழிச்சுகிட்டு ஓடணும். உள்ள காத்து அடைச்சிருக்கு, தண்ணி சுத்தவே இல்ல, காத்த குளுத்த வேண்டியது நின்ன எடத்துல நின்னு வெந்துகிட்டு இருந்திருக்கு.

நண்பர் ஒருத்தர் வீட்டுல இருந்து வேக்குவம் ஃபில்லர் வாங்கிட்டு வந்து, காரோட மூக்க ரேம்ப்ல தூக்கி வெச்சு காத்த எடுத்தோம். ஒரு லிட்டருக்கு மேல கூலன்ட் உள்ள போச்சு, அதாவது அத்தன காலி எடத்தோட என் கார அந்த கடைக்காரன் எனக்கு ஓட்ட குடுத்திருக்கான். பாட்டில்ல தண்ணி சுழிய ஆரம்பிச்சப்ப நாங்க ரெண்டு பேரும் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டு நாய் கொலச்சுது. அதுக்கப்புறம் அதே மேடு, அதே வெயில், காத்து வெளிய இருக்குற சூட்ட விட முப்பது நாப்பது டிகிரிதான் கூட. இன்னிக்கு வரைக்கும் அந்த கடைக்காரன் ஒரு சாரி சொல்லல. லேபர் பில்ல மட்டும் வரி விடாம போட்டிருந்தான்.

ரூட்ஸ் டைப்ப வெறுக்குற பாதி பேரோட ஹீட் சோக் கதை இந்த மாதிரி மாட்டத் தெரியாம மாட்டினதா இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். எல்லாம் இல்ல, பாதி. சரி, கால்வாசின்னு வெச்சுக்கோங்க, சண்டைக்கு வராதீங்க.

அதனால கிட் தேர்ந்தெடுக்குறதுல பாதி, மாட்டுற ஆள தேர்ந்தெடுக்குறது. உங்க கார் மாதிரியே காருக்கு, அதே கிட்டை, எத்தன தடவ மாட்டியிருக்கான்னு கேளுங்க. கூலன்ட்ல இருந்து ஏர் எப்படி எடுப்பேன்னு கேளுங்க, "சும்மா ஊத்தினா போதும்"னா வண்டிய திருப்பிட்டு வந்துருங்க. ஸ்பார்க் ப்ளக் மாத்துறியா, அதோட கேப் (முனை இடைவெளி) என்ன வெப்பேன்னு கேளுங்க. பூஸ்ட்டுக்கு ஒரு ரேஞ்ச் கோல்ட் ப்ளக் (சூட்ட சீக்கிரம் கடத்துறது) போட்டு 0.030 இன்ச் பக்கம் கேப்ப குறைப்பாங்க, கிட் கம்பெனி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு, நான் சொல்றத வெச்சு பண்ணாதீங்க.

8000 டாலர் கிட்டுக்கே போயிடும். லேபர் தனி. மேனுவல் கார்னு சொன்னீங்க, ஸ்டாக் க்ளட்ச் இந்த டார்க்குக்கு (திருகு விசை) வழுக்க ஆரம்பிக்கும், இன்னிக்கு இல்லன்னா அடுத்த வருஷம். இன்னொண்ணு, இந்த இன்ஜின்ல ஆயில் பம்ப் கியர் பொடிய அமுக்கி செஞ்ச உலோகம், பூஸ்ட் போட்டு ரெவ் லிமிட்டர்ல (ஆர்பிஎம்மோட உச்ச வரம்பு) போய் முட்டிக்கிட்டே இருந்தா ஒடையும், ஒடஞ்சா ஆயில் ப்ரெஷர் போச்சு, இன்ஜின் போச்சு. பில்லட் கியர் (ஒரே உலோகக் கட்டில கடைஞ்சது) போடுறதுதான் வழக்கம், பார்ட் விலை கம்மி, ஆனா முன்பக்கத்த மொத்தமா பிரிக்கணும், அதனால லேபர் கண்ணக் கட்டும். லிமிட்டர தொடாம ஓட்டுறவங்க அத இல்லாமயே ஓட்டுறாங்க, நானும்தான். இதையெல்லாம் கூட்டினா பதிமூணாயிரத்த நெருங்கும். இத வீட்டுல முன்கூட்டியே சொல்லிருங்க.

"டர்போதான் பெஸ்ட், சூப்பர்சார்ஜர் பழைய டெக்னாலஜி"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். ஆமாங்க, பழசுதான், ரூட்ஸ் அண்ணன் தம்பி 1860ல பேட்டன்ட் வாங்கினது. வீல் கூட பழசுதான். ஈஓவோட முழு டர்போ கிட் இந்த காருக்கு எங்க கிடைக்குதுன்னு லிங்க் போட்டுட்டு பேசுங்க.

சென்னைல மஸ்டாங் வெச்சிருக்கேன், இங்க போடலாமான்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தார். ஆர்சில இருக்குற விவரம் கம்பெனி ஸ்பெக்ல இருந்து மாறுற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு சார், ஆசைய அடக்கிக்கோங்க.

இன்னொரு எரிச்சல், கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. கூலன்ட் லெவல் பாக்க பானெட்ட தொறந்து வெச்சதுக்கு எங்க எச்ஓஏல (குடியிருப்பு சங்கம்) இருந்து லெட்டர் வந்துச்சு, ட்ரைவ்வேல "வாகன ரிப்பேர்" பண்ணக்கூடாதாம், ஃபைன் போடுவாங்களாம். பாட்டில்ல தண்ணி இருக்கான்னு எட்டிப் பாக்குறது ரிப்பேரா? சனிக்கிழமை காலைல எதிர்வீட்டுக்காரன் லீஃப் ப்ளோவர எடுத்துகிட்டு நாலு இலைய ஒரு மணி நேரம் அங்கயும் இங்கயும் விரட்டுறான், அந்த சத்தத்துல என் 5.0 கோல்ட் ஸ்டார்ட் கூட கேக்காது, அதுக்கு லெட்டர் இல்ல. மாசாமாசம் பணம் மட்டும் டாண்ணு எடுத்துக்குறாங்க.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். கார் எத்தன மைல் ஓடியிருக்குன்னு நீங்க எழுதல. ஆர்டர் போடுறதுக்கு முன்னால ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட்டும் லீக் டவுன் டெஸ்ட்டும் (சிலிண்டரோட அழுத்தமும் கசிவும் பாக்குறது) எடுத்துருங்க, எட்டு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருந்தா மேல போங்க, ஒண்ணு மட்டும் கீழ இருந்தா கிட் காச அப்படியே வெச்சுக்கோங்க, அது இன்ஜினுக்கு தேவப்படும். ரிசல்ட் வந்ததும் நம்பர கமெண்ட்ல போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.