கூஸ் குஞ்சின் சிறகு ஏன் வெளியே திரும்புகிறது?

கேள்வி: ஐயா, 10 கூஸ் வாத்துக் குஞ்சுகள் வளர்க்கிறேன். வயது 5 வாரம். கம்பி வலைக் கூண்டுக்குள் பிராய்லர் ஸ்டார்ட்டர், அதாவது கறிக்கோழிக் குஞ்சுத் தீவனம் எந்நேரமும் இருக்கும்படி வைத்திருக்கிறேன். நன்றாக எடை ஏறின. நான்கு நாளாக இரண்டு குஞ்சுகளுக்குச் சிறகின் நுனி உடம்போடு ஒட்டாமல் வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கிறது. இன்னொன்று நிற்க முடியாமல் முட்டியிலேயே உட்கார்ந்து நகர்கிறது. கால்சியம் குறைபாடு என்று சொல்லித் தீவனக் கடைக்காரர் ஒரு டானிக் கொடுத்தார். எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? இதைவிட நல்ல டானிக் இருக்கிறதா?

பதில்: டானிக்கை நிறுத்திவிடுங்கள். வளரும் குஞ்சுக்குத் தேவைக்கு மேல் கால்சியம் போனால் சிறுநீரகம் கெடும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

முதலில் சிறகு. இந்த வயதில் சிறகில் ரத்தம் நிறைந்த குருத்து இறகுகள் வேகமாக முளைக்கின்றன. அந்த எடையைத் தாங்குமளவுக்கு மணிக்கட்டு மூட்டு இன்னும் இறுகியிருக்காது. சத்து மிகுந்த தீவனம் அளவின்றி உள்ளே போகும்போது இறகு முந்திக்கொள்கிறது, மூட்டு பின்தங்குகிறது. பாரம் தாங்காமல் சிறகு நுனி தொங்கி வெளியே முறுக்கிக்கொள்கிறது. குறைபாட்டால் வந்ததல்ல, மிகுதியால் வந்தது.

நான்கு நாள்தான் ஆகிறது என்பதால் இன்றே கட்டினால் சரியாகிவிடும். சிறகை இயல்பாக மடங்கும் நிலைக்குக் கொண்டுவந்து, மென்மையான துணிப் பட்டையால் அந்தச் சிறகை மட்டும் சுற்றிக் கட்டுங்கள். நெஞ்சைச் சேர்த்து இறுக்கினால் பறவை மூச்சுவிடத் திணறும். குருத்து இறகு ஒடிந்தால் ரத்தம் கொட்டும். அதனால் ஒருவர் பிடிக்க ஒருவர் கட்டுவது நல்லது. தினமும் ஒருமுறை அவிழ்த்து, சிறிது நேரம் சிறகடிக்க விட்டுத் திரும்பக் கட்டுங்கள். 3 முதல் 5 நாளில் தானே மடங்கி நிற்கும். எலும்பு முற்றிய பிறகு எந்தக் கட்டும் பலிக்காது. அப்படியே நின்றுபோனாலும் பறவைக்கு உயிர்ச் சேதமில்லை. இனப்பெருக்கத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். பரம்பரைக்கும் இதில் ஓரளவு பங்கு உண்டு.

முட்டியில் நகரும் குஞ்சின் கதை வேறு. பெரும்பாலும் நியாசின், அதாவது வைட்டமின் பி3 பற்றாக்குறை. நீர்ப்பறவைக் குஞ்சுக்கு இது கோழிக்குஞ்சைவிட ஏறத்தாழ இருமடங்கு தேவை; கோழிக்குஞ்சின் கணக்கில் கலந்த தீவனம் போதாது. 1 கிலோ தீவனத்துக்கு 50 கிராம் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (நியாசின் உள்ள ஈஸ்ட் தூள்) கலந்து எல்லாக் குஞ்சுகளுக்கும் கொடுங்கள். தரை வழுக்கினாலும் கால் விரியும். வலையின் மேல் வைக்கோல் பரப்புங்கள், செய்தித்தாள் வேண்டாம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்தக் குஞ்சுகள் ஏன் இன்னும் கூண்டுக்குள் இருக்கின்றன என்பதுதான். கூஸ் ஒரு மேய்ச்சல் பறவை. அலகின் ஓரத்திலும் நாக்கிலும் ரம்பம் போன்ற பல்வரிசை இருப்பது புல்லைப் பற்றி அறுக்கத்தான். 5, 6 வாரக் குஞ்சு நல்ல இளம்புல் இருந்தால் பெரும்பாலும் அதிலேயே வளர்ந்துவிடும். நாளெல்லாம் நடந்து, கொத்தி, கழுத்தை நீட்டிப் பறிக்கும்போது வளர்ச்சி நிதானமாக நடக்கிறது. காலும் சிறகும் உடம்பின் எடைக்கு ஈடுகொடுக்கின்றன. தீவன மூட்டையைத் திறந்து வைத்துவிட்டு மருந்து தேடுவது வீண்வேலை. கோழித் தீவனம் விற்கிற கடையில் கூஸுக்கு யோசனை கேட்காதீர்கள். ரத்தக் கழிச்சல் மருந்து கலந்த ஸ்டார்ட்டரை விவரம் கேட்காமலே கொடுத்துவிடுவார்கள். அந்த மருந்தளவு கோழிக்குஞ்சு தின்னும் அளவை வைத்துப் போட்டது. கூஸ் குஞ்சோ அதைவிட அதிகம் தின்னும். மூட்டையின் சீட்டைப் படித்துப் பாருங்கள்.

20 சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள தீவனம் முதல் 3 வாரத்துக்குத்தான். பிறகு 15 சதவீதம் போதும். உங்கள் தீவனத்தோடு உடைத்த தானியம் சேர்த்து 4, 5 நாளில் படிப்படியாகக் குறையுங்கள். அதன் பிறகு மாலையில் ஒருவேளை, 15 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. பூஞ்சணம் பிடித்த தானியத்தைத் தொடவே விடாதீர்கள், அதன் நஞ்சு நீர்ப்பறவைகளைச் சீக்கிரம் கொல்லும்.

புல் 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். முற்றிய நீளப்புல் தொண்டைப்பையில் நார்ப்பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும். குதிரைமசால் தீவனப் பயிரைப் போட்டுவிட்டுத் தின்னவில்லையே என்று கவலைப்படாதீர்கள், கூஸ் அதை ஒதுக்கிவிடும். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த இடம் கூடவே கூடாது. தின்றதை அரைக்கும் அரைவைப்பை வேலை செய்யக் கரடுமுரடான மணலை ஒரு தட்டில் வையுங்கள். தலை முழுதும் முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும். கண்ணையும் மூக்குத்துளையையும் கழுவிக்கொள்ள முடியாவிட்டால் கண் ஒட்டிப்போகும். நீந்தக் குளம் கட்டாயமில்லை.

ஏக்கருக்கு 20 முதல் 40 பறவை என்ற கணக்கில் உங்களுக்குக் கால் ஏக்கர் போதும். அதை நான்காகத் தடுத்து மாற்றி மாற்றி மேய விடுங்கள். ஒரே இடத்தில் அடைத்து மேய்த்தால் அரைவைப்பைப் புழு பெருகும். நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போகிற குஞ்சு இருந்தால், எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப்போய்ப் பரிசோதித்த பிறகே புழுமருந்து கொடுங்கள்.