மூக்குக்கு ஏன் 'நாக்'?

கேள்வி: வேலூரில் சி.எம்.சி.க்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். வங்காளத்திலிருந்து வந்த ஒருவர் 'நாக், நாக்' என்றதும் நாக்குப் புண்ணுக்குக் களிம்பை எடுத்து வைத்தேன், அவரோ மூக்கைத் தொட்டுக் காட்டுகிறார். இன்னொருவருக்கு 'கால்' என்றால் நாளையாம்! எல்லா மொழியும் தமிழிலிருந்து போனதுதான், கொரியாவில்கூட அப்பா, அம்மாதானே என்கிறான் என் நண்பன். சரியா?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: சரியில்லை. ஒலி ஒத்துப்போன உடனே சொந்தம் கொண்டாடக் கூடாது, அக்கம்பக்கத்து மொழிகளிலும் விசாரிக்க வேண்டும். நம்ம நாக்குக்கு வேர் 'நா'. தெலுங்கில் நாலுக, கன்னடத்தில் நாலிகெ, எல்லாம் ஒரே குடும்பம். வங்காளத்து 'நாக்' பிராகிருதத்தின் 'நக்க' வழியாக வந்தது, இந்தியிலும் உருதுவிலும் மூக்குக்கு அதே சொல்தான். பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்து உருது பேசும் கூட்டாளி யாராவது கடையில் இருந்திருந்தால் நீங்கள் களிம்பை எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லியிருப்பார்.

'கால்' கொஞ்சம் வம்பு பிடித்தது. வங்காளத்தில் நாளைக்கும் அதுதான், நேற்றுக்கும் அதுதான். வினையை வைத்துத்தான் பிரிக்க முடியும்: 'கால் ஆஷ்போ' என்றால் நாளைக்கு வருவேன், 'கால் எஷேசிலாம்' என்றால் நேற்று வந்திருந்தேன். கடன் சொல்லிவிட்டுப் போகிறவரிடம் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

அப்புறம், உங்களை யாராவது 'தாதா' என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், வங்காளியின் வாயில் அது அண்ணன். இந்தியில் அப்பாவைப் பெற்றவர். மும்பைத் தெருவில் ரவுடி, நமக்கு ரயிலேறி வந்து சேர்ந்தது அந்த அர்த்தம் மட்டும்தான். ஆக இது நம்ம நாக்கும் வங்காளத்து 'நாக்'கும் மாதிரி தற்செயல் கிடையாது, ஒரே சொல் கைமாறிக் கைமாறி குணம் மாறியிருக்கிறது.

கொரியாவுக்கு வருவோம். அப்பா அம்மாவைச் சாட்சிக்கு இழுக்கவே கூடாது. பல் முளைக்காத குழந்தை உதட்டை மூடித் திறந்தால் சுலபமாக வருவது 'ப'வும் 'ம'வும்தான், பெற்றவர்கள் நம்மைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள், ஊருக்கு ஊர் இதே கூத்துதான். மொழியியலாளர் ரோமன் யாகப்சன் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார், 1960-இல் வெளிவந்தது. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா'. உங்கள் நண்பரிடம் இதையும் சொல்லிப் பார்த்து, என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.