'சும்மா விசாரணைதான்' என்று கூட்டிப்போனால்?

கேள்வி: அடிதடி புகார் ஒன்றில் என் தம்பியை நேற்று இரவு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். கேட்டால் 'சும்மா விசாரணைதான்' என்கிறார்கள். காலையில் ஏதோ தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவனுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது, அதை யார் சொல்ல வேண்டும்?

பதில்: போலீஸ்தான் சொல்ல வேண்டும், அதுவும் நீங்கள் கேட்காமலே. வெறும் விசாரணை என்றால், இன்ன நேரத்துக்கு வா என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் போதும். ராத்திரி முழுக்க உட்காரவைக்க முடியாது. வீட்டுக்குப் போக விடவில்லையென்றால் பெயர் எதுவானாலும் அது காவல்தான்.

தம்பி கையெழுத்துப் போட்டது அநேகமாகக் கைதுக் குறிப்பாணை. அதில் தேதி, நேரம், சட்டப்பிரிவு இருக்கும். கைதுக்கான காரணம் வேறு சமாச்சாரம். 'சாட்சியைக் கலைப்பார், தலைமறைவாவார்' என்று எல்லோருக்கும் எழுதும் வரிகள் காரணம் ஆகாது. யாரை, எங்கே, எப்போது அடித்ததாகப் புகார் என்பது காரணத்தில் இருக்க வேண்டும். அதை அவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே எழுதித் தர முடியாத சூழல் என்றால் முதலில் வாயால் சொல்லலாம். ஆனால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது காரணம் எழுதிய தாள் அவர் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைதே செல்லாது. வக்கீல் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

குடும்பத்துக்குத் தகவல் சொல்வதும், ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால் அதைச் சொல்வதும் போலீஸின் கடமை. விசாரணை நடக்கும்போது அவர் வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் முழு நேரமும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது. வக்கீலுக்குப் பணமில்லையா? சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

அப்புறம், 24 மணி நேரக் கணக்கு. பயண நேரம் போக, அதற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். இரவு கூட்டிப்போய்விட்டு மறுநாள் மதியம் கைது செய்ததாக எழுதுவது பழைய பழக்கம். அதனால் வீட்டிலிருந்து கிளம்பிய நேரத்தை யாருக்காவது இப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள், வாசலில் கேமரா இருந்தால் பதிவை எடுத்துவையுங்கள். 'போலீஸ் மீது புகார் உண்டா?' என்று மாஜிஸ்திரேட் கேட்பார். பலர் பயத்தில் 'இல்லை' என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அடித்திருந்தால் அங்கேயே காயத்தைக் காட்டி, மருத்துவப் பரிசோதனை கேட்கச் சொல்லுங்கள்.