துவாலு செல்ல விசா தேவையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நானும் என் கணவரும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறோம். பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாலு நாட்டைப் பார்த்துவர விரும்புகிறோம். அந்த நாட்டுத் தூதரகம் இங்கே இல்லாததால் விசா எடுக்க வழியில்லை என்று பயண முகவர் ஒருவர் சொல்லிவிட்டார். இது சரியா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சரியன்று. இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்பவர்கள் துவாலுவுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. தலைநகர் ஃபுனாஃபுட்டியில் விமானம் இறங்கியதும், ஒரு மாதம் வரை தங்குவதற்கான வருகை அனுமதியை அங்கேயே தருகிறார்கள். அதற்காக அவர்கள் பார்க்கும் ஆவணங்களும் சில மட்டுமே: குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பிவருவதற்கு உறுதி செய்யப்பட்ட விமானச் சீட்டு, தங்குமிடம் பதிவு செய்ததற்கான சான்று, செலவுக்குப் போதுமான பணம். இவற்றைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல் அச்செடுத்தும் கொண்டு செல்லுங்கள். இது சுற்றிப்பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. இதை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்க்க முடியாது.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது துவாலுவின் விசாவைப் பற்றியன்று, அங்கே போய்ச் சேரும் வழியிலுள்ள நாடுகளின் விசாவைப் பற்றித்தான். ஃபுனாஃபுட்டிக்கு இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது. ஃபிஜி சென்று, அங்கிருந்து சிறிய விமானத்தில்தான் போக வேண்டும். நல்வாய்ப்பாக ஃபிஜியும் இந்தியர்களிடம் முன்விசா கேட்பதில்லை. நான்கு மாதம் வரையிலான வருகை அனுமதியை இறங்கியதும் வழங்குகிறது. ஆனால் வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் ஃபிஜியின் மேற்குக் கரையிலுள்ள நாண்டியில் இறங்க, துவாலு விமானங்களோ பெரும்பாலும் தீவின் மறுபுறத்தில், சுவா நகருக்கு அருகிலுள்ள நௌசோரியிலிருந்து புறப்படுகின்றன. இடையே சாலை வழியாகச் சென்றால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். எனவே போகும்போதும் வரும்போதும் ஃபிஜிக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். ஃபிஜி அதிகாரிகளிடம் துவாலு செல்லும் சீட்டை மட்டுமன்றி, ஊர் திரும்பும் சீட்டையும் சேர்த்தே காட்டுங்கள். நாண்டியில் ஓர் இரவு தங்க நேர்ந்தால் அங்குள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்கு அவசியம் சென்றுவாருங்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்ட நம்மவர்களின் வழித்தோன்றல்கள் வழிபடும் கோயில் அது.

கேள்வி: சிட்னி வழியாகச் செல்லும் சீட்டு எனக்குக் குறைந்த விலையில் கிடைக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே போகப் போவதில்லை. அப்படியும் ஆஸ்திரேலிய விசா வேண்டுமா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டும். வெளியே வராமல் விமானம் மாறுவதாக இருந்தாலும் இந்தியக் குடிமக்கள் ஆஸ்திரேலியாவின் டிரான்சிட் விசாவை (வகை 771) முன்னதாகவே பெற்றிருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அது கைக்கு வருவதற்கு முன் பயணச் சீட்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து வழியாகச் சென்றாலும் இதே நிலைதான், அங்கும் டிரான்சிட் விசா தேவை.

சிங்கப்பூர் வழி இதைவிட எளிது, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சென்னையிலிருந்து நாண்டி வரை ஒரே பதிவாக இருந்து, பெட்டிகளும் நேராக நாண்டிக்கே போய்ச் சேருமானால், சாங்கி விமான நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம், விசா தேவையில்லை. விலை மலிவு என்று இரண்டு தனித்தனிச் சீட்டுகள் வாங்கினால், பெட்டியை எடுத்து மறுபடியும் ஒப்படைப்பதற்காகச் சிங்கப்பூருக்குள் நுழைய நேரிடும். அதற்கு விசா வேண்டும். அது இல்லையென்றால் சென்னையிலேயே விமான நிறுவன ஊழியர் போர்டிங் பாஸ் தர மறுத்துவிடுவார். பல குடும்பங்களின் பயணம் இந்த இடத்தில்தான் முறிந்துபோகிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்வது? எத்தனை நாள் ஒதுக்குவது?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: துவாலுவில் ஆஸ்திரேலிய டாலர்தான் புழக்கத்தில் உள்ளது. அந்த நாட்டில் முதல் ஏடிஎம் இயந்திரங்கள் 2025 ஏப்ரலில்தான் வந்தன. ஆகவே அட்டையை நம்பாமல், விடுதிக் கட்டணம் உட்பட முழுச் செலவுக்கும் ரொக்கமாகவே எடுத்துச் செல்லுங்கள். இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலருக்கு இணையான வெளிநாட்டு நோட்டுகள் வரை வாங்கலாம்.

நாள்களைப் பொறுத்தவரை, தாராளமாக ஒதுக்குங்கள். ஒன்பது தீவுகள் சேர்ந்தும் 26 சதுர கிலோமீட்டர்தான் வரும் அந்த நாட்டில், இரண்டாம் உலகப் போரின்போது 1943இல் அமெரிக்கப் படையினர் அமைத்த ஒரே ஓடுபாதைதான் இன்றும் இருக்கிறது. மாலையில் ஊர் இளைஞர்கள் அதன்மேல் கைப்பந்து ஆடுவார்கள். விமானம் வரும்முன் சைரன் ஒலித்ததும் விலகிவிடுவார்கள். வாரத்துக்குச் சில விமானங்களே வரும் அவ்விடத்தில், வானிலை மோசமாகி ஒன்று ரத்தானால் அடுத்ததுக்குச் சில நாள் காத்திருக்க நேரிடும். எனவே துவாலுவிலிருந்து ஃபிஜி திரும்பும் நாளுக்கும், ஃபிஜியிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கும் இடையே மூன்று நாளாவது விட்டுப் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் தொலைவது போன்ற அவசரங்களுக்கு, துவாலுவுக்கும் பொறுப்பேற்றுள்ள சுவா நகர இந்தியத் தூதரகத்தைத்தான் அணுக வேண்டும். அதன் தொலைபேசி எண்ணைப் புறப்படும் முன்பே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.